பத்து அணாவும் ஒரு பெருங்கணக்கும்

1897-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 16-ஆம் நாள். செகந்தராபாத்தை அடுத்த பேகம்பேட்டை மருத்துவமனையில் ஹுசைன் கான் என்னும் நோயாளி கொசுவலைக்குள் படுத்திருக்கிறார். அவருடைய குருதியில் மலேரியாக் கிருமிகள் இருக்கின்றன. மருத்துவர், தாம் நீரில் புழுவாக இருந்தபோதே எடுத்து வளர்த்த கொசுக்களை அந்த வலைக்குள் விடுகிறார். ஒரு கொசு கடித்தால் ஓர் அணா என்பது ஏற்பாடு. பத்துக் கொசுக்கள் கடித்தன. ஹுசைன் கானுக்குப் பத்து அணா கிடைத்தது.

நான்கு நாட்கள் கழித்து, அக்கொசுக்களில் எஞ்சியிருந்த ஒன்றை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்த மருத்துவர், அதன் இரைப்பைச் சுவரில் கருநிறப் பொடிகளுடன் கூடிய வட்ட வடிவ உயிரணுக்களைக் கண்டார். அவை மனிதக் குருதியில் காணப்படும் மலேரியாக் கிருமியின் வளர்ச்சிப் பருவமே என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அந்த மருத்துவர்தாம் ரொனால்டு ராஸ். அந்த ஆகஸ்ட் 20-ஆம் நாளே இன்றும் உலகக் கொசு நாளாக நினைவுகூரப்படுகிறது.

இந்த வரலாற்றின் முற்பகுதியைப் பள்ளிப் பாடநூல்களில் நாம் படித்திருக்கிறோம். பிற்பகுதியை அறிந்தோர் மிகச் சிலரே. கொசுதான் நோயைச் சுமக்கிறது என்று கண்டுபிடித்ததோடு ராஸின் பணி முடிந்துவிடவில்லை. ‘எத்தனை கொசுக்களைக் குறைத்தால் நோய் நீங்கும்?’ என்னும் கேள்விக்கு விடை தேடி அவர் கணிதத்தின் துணையை நாடினார். அந்தக் கணக்கு எவ்வாறு பிறந்தது, மக்களை எங்கே காத்தது, அதை மறந்தவர்கள் எங்கே இடறினார்கள் என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்டுபிடிப்பின் வழி

மலேரியா என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்பது பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக் காற்றே குளிர்காய்ச்சலுக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1880-ஆம் ஆண்டில் அல்ஜீரியா நாட்டின் கான்ஸ்டன்டைன் நகரில் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவரான், நோயாளியின் குருதியில் அக்கிருமியை முதன்முதலாகக் கண்டார். கிருமி உடலுக்குள் எப்படிப் புகுகிறது என்பது மட்டும் மறைபொருளாகவே இருந்தது. கொசுவின்மீது ஐயம் கொள்ளுமாறு ராஸைத் தூண்டியவர் இலண்டனில் இருந்த பாட்ரிக் மான்சன்.

இமயமலை அடிவாரத்து அல்மோராவில் 1857-இல் பிறந்த ராஸ், 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர். 1897-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் உதகமண்டலத்திற்கு வந்து, அதன் அருகிலுள்ள சீகூர் மலைச்சாலைப் பகுதியில் ஆராய்ச்சி செய்யப் புகுந்தபோது தாமே மலேரியாவுக்கு ஆளானார் என்பதும் குறிப்பிடத்தக்கது. அதன் பின்னரே செகந்தராபாத்தில் வெற்றி கிட்டியது. மறு ஆண்டு கல்கத்தாவில், முகம்மது பக்ஸ் என்னும் உதவியாளரின் துணையுடன், பறவைகளிடையே மலேரியாவைக் கொசு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்துவதை அவர் ஐயத்திற்கிடமின்றி நிறுவினார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பரிசு ராஸுக்குக் கிடைத்தது, அது முறையே. ஆயினும் ஹுசைன் கானும் முகம்மது பக்ஸும் இன்றி அந்த ஆராய்ச்சி நடந்திராது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

இரண்டு ஊர்கள்

காரணம் தெரிந்துவிட்டது, இனிக் கொசுவை ஒழித்தால் நோய் ஒழியும் என்று ராஸ் முழங்கினார். அதைச் சோதித்துப் பார்க்க இந்திய அரசின் மருத்துவர்கள் லாகூருக்கு அருகிலுள்ள மியான் மீர் படைத்தங்கலைத் தேர்ந்தெடுத்தார்கள். சூஃபிப் பெரியார் மியான் மீர் அவர்களின் அடக்கத்தலம் அருகில் இருப்பதால் அவ்விடத்திற்கு அப்பெயர் வந்தது. 1901-க்குப் பின் சில ஆண்டுகள் அங்கே பள்ளங்களைத் தூர்த்தார்கள். தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்தார்கள். ஆனால் காய்ச்சல் குறையவில்லை. ‘கொசுவைக் குறைத்து மலேரியாவைத் தடுப்பது நடவாத காரியம்’ என்று பலர் தீர்ப்புக் கூறிவிட்டனர்.

அதே காலத்தில் எகிப்தில் நிகழ்ந்ததோ வேறு. சூயஸ் கால்வாயின் கரையில் கெதீவ் இஸ்மாயீலின் பெயரால் எழுந்த நகரம் இஸ்மாயிலிய்யா. கால்வாய்க் குழுமத்தின் அழைப்பின்பேரில் 1902-இல் ராஸ் அங்கே சென்றார். குளங்குட்டைகள் தூர்க்கப்பட்டன, வடிகால்கள் சீர்செய்யப்பட்டன. 1902-ஆம் ஆண்டில் 1,551 பேருக்குக் கண்டிருந்த மலேரியா, 1903-இல் 214 பேருக்கும், 1904-இல் 90 பேருக்குமாகக் குறைந்தது.

ஒரே மருந்து ஓரிடத்தில் பலித்தது; மற்றோரிடத்தில் பலிக்கவில்லை. ஏன்? இஸ்மாயிலிய்யா பாலைவனத்தின் நடுவே தனித்து நிற்கும் ஊர். வெளியிலிருந்து கொசு வந்து புக வழியில்லை. மியான் மீரோ வாய்க்கால் பாசனம் சூழ்ந்த பகுதி. துப்புரவு செய்யப்பட்ட பரப்பு சிறிது. சுற்றிலும் கொசுக் கடல். இவ்வாறு வாயால் விளக்கினால் போதுமா? எதிர்ப்பவர்கள் ஏற்கவேண்டுமானால் எண்ணால் நிறுவியாக வேண்டும் என்று ராஸ் எண்ணினார்.

பிறந்த இடத்திலிருந்து புறப்படும் கொசு, திசை எதுவும் குறிக்காமல் இங்குமங்கும் பறந்து திரிந்தால், அது மடியும்போது எவ்வளவு தொலைவில் இருக்கும்? இக்கேள்வியை 1904-இல் அமெரிக்காவில் செயிண்ட் லூயி நகரில் நடந்த மாநாட்டில் அவர் எழுப்பினார். அதைப் புள்ளியியல் மேதை கார்ல் பியர்சனிடமும் கொண்டுசென்றார். பியர்சன் 1905-இல் ‘நேச்சர்’ இதழில் இப்புதிரை வெளியிட்டு அதற்குத் ‘தன்போக்கு நடை’ என்னும் கருத்துப்படப் பெயரிட்டார். இராலே பிரபு அதற்குரிய விடையைச் சுட்டிக்காட்டினார். மதுவுண்டு தள்ளாடுபவன் எவ்வளவு நேரம் நடந்தாலும் பெரும்பாலும் புறப்பட்ட இடத்தை ஒட்டியே காணப்படுவான் என்பதுதான் அவ்விடையின் சாரம். கொசுவும் அப்படியே. ஆகவே, பரந்த நிலப்பரப்பைத் துப்புரவு செய்தால் அதன் நடுப்பகுதி காப்பாற்றப்படும். சிறு பரப்பைத் துப்புரவு செய்தால் ஓரத்திலிருந்து வரும் கொசுக்கள் நிரப்பிவிடும். இன்று பங்குச் சந்தை முதல் அணுத்துகள் வரை பலவற்றை ஆராயப் பயன்படும் ஒரு கணிதத் துறைக்கு அப்பெயர் வாய்த்தது இவ்வகையில்தான்.

மொரிசியசில் பிறந்த கணக்கு

1907-ஆம் ஆண்டின் இறுதியில் ராஸ் மொரிசியசுத் தீவுக்கு அனுப்பப்பட்டார். நம் தமிழ் மக்கள் பல்லாயிரவர் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்று குடியேறிய தீவு அது. 1860-களில் மலேரியா முதன்முதலாக அங்கே கால்வைத்து, 1867-இல் பெருங்கொள்ளையாக மாறியது. அத்தீவுக்காக அவர் எழுதிய அறிக்கையில்தான் பூச்சிகளால் பரவும் நோயைக் கணித வடிவில் ஆராயும் முதல் முயற்சி இடம்பெற்றது. பின்னர் 1911-இல், தம் மலேரியாத் தடுப்பு நூலின் இரண்டாம் பதிப்பில், அதை முழுமையான சமன்பாடுகளாக வளர்த்தார்.

அக்கணக்கின் உட்பொருள் எளியது. வாசகர்கள் ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். ராஸ் கொண்ட பின்னங்கள் இவை: கொசுக்களில் நான்கில் ஒன்றுதான் மனிதனைக் கடிப்பதில் வெற்றிபெறும். கிருமி உடையவர்களில் நான்கில் ஒருவரிடமிருந்துதான் அக்கிருமி கொசுவைத் தொற்றும். தொற்றிய கொசுக்களில் மூன்றில் ஒன்றே, கிருமி அதன் உடலில் முதிரும்வரை உயிர்வாழும். நோயாளிகளில் ஐந்தில் ஒரு பங்கினர் மாதந்தோறும் குணமடைவர்.

இப்போது 1,000 பேர் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 100 பேர் உடலில் கிருமி உள்ளது. ஊரில் ஆளுக்கு 40 வீதம் 40,000 அனாபிலிஸ் கொசுக்கள் ஒரு மாதத்தில் தோன்றுகின்றன. அவற்றில் மனிதரைக் கடிப்பவை 10,000. கிருமி உள்ளவர்கள் ஊரில் பத்தில் ஒரு பங்கினர் ஆகையால், அவர்களைக் கடிப்பவை 1,000. அவற்றுள் தொற்றுப் பெறுபவை 250. கிருமி முதிரும்வரை பிழைத்திருப்பவை ஏறத்தாழ 83. அவற்றில் மீண்டும் மனிதரைக் கடிப்பவை நான்கில் ஒன்று, அதாவது 20 அல்லது 21. ஆக, அம்மாதத்தில் புதிய நோயாளிகள் ஏறத்தாழ 20 பேர். அதே மாதத்தில் குணமடைகிறவர்கள் நூற்றில் ஐந்தில் ஒரு பங்கினர். அதுவும் 20 பேர். வரவும் செலவும் சரியாகிவிட்டன!

கொசுக்கள் ஆளுக்கு 80 ஆனால் புதிய நோயாளிகள் 40 பேர். குணமடைகிறவர்கள் 20 பேர். நோய் ஏறிக்கொண்டே போகும். கொசுக்கள் ஆளுக்கு 20 ஆனால் புதிய நோயாளிகள் 10 பேர். குணமடைகிறவர்கள் 20 பேர். நோய் மாதந்தோறும் தேய்ந்து, இறுதியில் தானே மறையும். கொசு ஒழியவில்லை, ஆனால் நோய் ஒழிந்துவிட்டது. ஆளுக்கு ஏறத்தாழ 40 என்னும் அந்த எல்லை எண்ணே ராஸ் கண்ட பேருண்மை. பின்னங்கள் ஊருக்கு ஊர் மாறும். எல்லை எண்ணும் மாறும். எல்லை ஒன்று உண்டு என்பது மாறாது.

‘உலகிலுள்ள கொசுக்களையெல்லாம் யாரால் கொல்ல முடியும்?’ என்று கேட்டவர்களுக்கு இதுவே விடையாயிற்று. எல்லாக் கொசுக்களையும் கொல்லத் தேவையில்லை. எல்லைக்குக் கீழே கொண்டுவந்தால் போதும். ஆனால் இக்கணக்கிலேயே ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. ஆளுக்கு 400 கொசுக்கள் உள்ள ஊரில் பாதியைக் கொன்றாலும் 200 எஞ்சும்; அது எல்லைக்கு மிக மேலேயே இருப்பதால் நோயில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் ஏதும் இராது. பாதி வேலை செய்தவனுக்குப் பாதிப் பலன் கிடைப்பதில்லை; சில வேளைகளில் பலனே கிடைப்பதில்லை. மியான் மீரின் ஏமாற்றத்தை இக்கண்ணோட்டத்திலும் நாம் புரிந்துகொள்ளலாம்.

ஒரு சீடரும் கண்ணிழந்த ஓர் அறிஞரும்

1901-இல் ராஸுடன் சியரா லியோனுக்குச் சென்ற இளம் மருத்துவர் மெக்கென்ட்ரிக். ஆசானிடம் கணித ஆர்வத்தைப் பெற்ற அவர், பின்னர் இமாச்சல மலைகளிலுள்ள கசௌலியில் பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநராக விளங்கினார். நோயுற்று நாடு திரும்பிய பின் எடின்பரோவில் கெர்மாக் என்னும் வேதியியலாருடன் இணைந்தார். கெர்மாக் 1924-இல் ஆய்வுக்கூட விபத்தொன்றில் இரு கண்களையும் இழந்தவர். பார்வையற்ற அவ்வறிஞரும் மெக்கென்ட்ரிக்கும் 1927-இல் வெளியிட்ட கட்டுரை, கொள்ளைநோய்க் கணிதத்தின் அடித்தளமாக இன்றும் போற்றப்படுகிறது. தம் சமன்பாட்டைச் சரிபார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது, 1905-06-இல் பம்பாய் நகரில் தெள்ளுப்பூச்சியால் பரவிய பிளேக் நோயின் வாராந்தர மரணக் கணக்கு. நோய் ஓய்வது மக்கள் அனைவரும் நோயுற்று முடிந்த பின்னரன்று; நோய்க்கு ஆளாகத்தக்கவர்களின் எண்ணிக்கை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கும்போதே அது ஓய்ந்துவிடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். ராஸின் எல்லை எண்ணே இங்கும் வேறு உருவில் தோன்றுகிறது.

கொசுவின் ஆயுள்

அடுத்த பெரும்படி 1950-களில் எடுத்துவைக்கப்பட்டது. இலண்டனில் ராஸின் பெயரால் அமைந்த நிறுவனத்தைச் சேர்ந்த ஜார்ஜ் மெக்டொனால்டு, கொசுவின் எண்ணிக்கையைவிட அதன் ஆயுளே முக்கியம் என்று கணக்கிட்டுக் கூறினார். கிருமி கொசுவின் உடலில் முதிர ஏறத்தாழ பத்து நாட்கள் ஆகின்றன. நாள்தோறும் நூற்றுக்குத் தொண்ணூறு கொசுக்கள் பிழைத்தால், பத்து நாட்களின் முடிவில் நூற்றுக்கு 35 எஞ்சும். எண்பது பிழைத்தால் 11 எஞ்சும். எழுபது பிழைத்தால் 3-கூட எஞ்சாது. அன்றாட ஆயுளில் சிறு குறைவு, பத்தாம் நாளில் பெருங்குறைவாகிவிடுகிறது.

1939-இல் பால் முல்லர் கண்டறிந்த டி.டி.டி. மருந்தை வீட்டுச் சுவர்களில் தெளிப்பது ஏன் அத்தனை வெற்றி தந்தது என்பதை இக்கணக்கு விளக்கியது. குருதி குடித்த கொசு சுவரில் அமர்ந்து இளைப்பாறும். அங்கேயே மருந்து பட்டு மடியும். கிருமி முதிரும் வயதை அது எட்டுவதில்லை.

இந்த நம்பிக்கையுடன் 1955-இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிப்புத் திட்டத்தை அறிவித்தது. இந்தியாவில் 1953-இல் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958-இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் என மதிப்பிடப்பட்டிருந்த நோய், 1960-களின் நடுவில் ஏறத்தாழ ஓர் இலட்சமாகக் குறைந்தது. 1934-35-இல் ஏறத்தாழ 80,000 உயிர்களை மலேரியாவுக்குப் பலிகொடுத்த இலங்கையில், 1963-ஆம் ஆண்டில் நோய் கண்டவர்கள் 17 பேர் மட்டுமே.

பதினேழு பேர்! போர் முடிந்துவிட்டது என்று யார்தான் எண்ணமாட்டார்கள்? மருந்து தெளிப்பது நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. கணக்கோ தன் வேலையைச் செய்தது. குறைந்திருந்தது நோயாளிகளின் எண்ணிக்கை; கொசுக்களோ மருந்து நின்றதும் மீண்டும் எல்லையைத் தாண்டிவிட்டன. 17 என்னும் எண் பதினைந்து முறை இரட்டித்தால் 5,57,056 ஆகும். 1968-69-ஆம் ஆண்டுகளில் இலங்கை கண்ட நோயாளிகள் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டவர்கள். இந்தியாவிலும் கொசுக்கள் மருந்துக்குப் பழகிப்போனமையாலும், பணிகள் தளர்ந்தமையாலும், 1976-இல் நோயாளிகள் 64 இலட்சமாகப் பெருகினர். 1973-இல் மலேரியா அற்ற நாடு எனச் சான்று பெற்ற மொரிசியசில், 1975-இல் வீசிய புயலுக்குப் பின் நோய் மீண்டும் தலைதூக்கியது.

இதற்கு எதிர்ப்புறத்தில் நைஜீரியாவின் கார்க்கி மாவட்டம் இருந்தது. 1969 முதல் 1976 வரை அந்நாட்டு அரசும் உலக சுகாதார நிறுவனமும் அங்கே மருந்து தெளித்தும், ஊர் மக்கள் அனைவருக்கும் மாத்திரை கொடுத்தும் பார்த்தன. நோய் பெரிதும் குறைந்தது. ஆனால் அதன் சங்கிலி அறுபடவில்லை. கொசுக்கடி அங்கே எல்லையைவிட அத்தனை மடங்கு மிகுந்திருந்தது. அந்த ஆய்வுக்கென வகுக்கப்பட்ட கணிதமுறை, ஓர் ஊருக்குப் போதுமான முயற்சி மற்றோர் ஊருக்குப் போதாது என்பதை உலகிற்கு உணர்த்தியது.

நாம் கற்கவேண்டியது

இவ்வரலாறு இரண்டு மனநிலைகளைத் தவறென்று காட்டுகிறது. ‘இதையெல்லாம் நம்மால் ஒழிக்க முடியுமா?’ என்னும் அவநம்பிக்கை ஒன்று. ‘ஒழித்துவிட்டோம், இனிக் கவலையில்லை’ என்னும் மெத்தனம் மற்றொன்று. முன்னது மியான் மீரில் தோன்றியது. பின்னது இலங்கையில் தோன்றியது.

நோய் இறைவனின் நாட்டம் என்று நாம் நம்புகிறோம். அந்நம்பிக்கையைச் செயலற்றிருப்பதற்குச் சாக்காக்கிக்கொள்வோர்க்கு ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் வாழ்வில் நல்ல பாடம் இருக்கிறது. ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, அந்நாட்டை நோக்கிச் சென்றுகொண்டிருந்த அவர்கள், ஸர்ஃக் என்னுமிடத்தில் தோழர்களைக் கலந்து ஆலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, தாம் செல்வதும் இறைவனின் விதியை நோக்கியே என்பதை உணர்த்தி, வளமான சரிவும் வறண்ட சரிவும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவனை உவமையாக்கினார்கள். கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் செல்லாதீர்கள், அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் எடுத்துரைக்க, உமர் (ரலி) அவர்கள் இறைவனைப் புகழ்ந்தவாறு திரும்பினார்கள். வளமான சரிவு எது என்று ஆராய்ந்து அறிவது மனிதனின் கடமை. கொசுக் கணக்கும் அவ்வாராய்ச்சியின் ஒரு பகுதியே அன்றோ!

அக்கடமையை விடாது செய்த நாடுகள் பலன் கண்டிருக்கின்றன. இலங்கை மீண்டும் உழைத்து 2016-இல் மலேரியா அற்ற நாடு எனச் சான்று பெற்றது. லாவரான் கிருமியைக் கண்ட அல்ஜீரியா 2019-இல் அச்சான்றைப் பெற்றது. இஸ்மாயிலிய்யாவைத் தன்னகத்தே கொண்ட எகிப்து 2024-இல் பெற்றது. எனினும் 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 5,97,000 பேர் மலேரியாவால் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள்.

நம் ஊர்களுக்கும் இக்கணக்கு பொருந்தும். சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசு, கிணற்றிலும் மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் முட்டையிடுகிறது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தேங்கிய மழைநீரே போதும். தெருவில் நான்கு வீடுகள் தொட்டியை மூடி, மற்ற வீடுகள் திறந்து வைத்திருந்தால், மூடியவர்களும் தப்புவதில்லை. பள்ளிவாசலின் ஹவுளில் கொசுப்புழுக்களைத் தின்னும் சிறு மீன்களை வளர்ப்பதும், மஹல்லா முழுவதும் ஒரே நாளில் தொட்டிகளைக் கழுவிக் காயவைப்பதும் ஜமாஅத்தார் எளிதில் மேற்கொள்ளத்தக்க பணிகள். அதை ஓராண்டு செய்து நிறுத்தாமல், காய்ச்சல் இல்லாத ஆண்டிலும் தொடர்ந்து செய்தல் வேண்டும்.

பேகம்பேட்டை மருத்துவமனையில் பத்து அணாவுக்காகத் தம் உடலைக் கொசுக்களுக்குக் கொடுத்த ஹுசைன் கானிடமிருந்தே இத்தனை கணக்கும் தொடங்கியது. நோபல் பரிசுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. கொசுவலையைக் கட்டித் தொங்கவிடும் இரவுகளில் அவரையும் நாம் நினைத்துக்கொள்வோம்.